மியோவைக் கொன்றது

சிவப்பாக ஊற்றிய சத்துநீர் காலைக்குள் மஞ்சளாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. இன்குபேட்டரிலிருந்து எடுத்த தட்டை ஹிசானோ ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தட்டுக்குள் வளர்ந்த புற்றுக்கட்டி இரவு முழுக்க ஒரு வாய்கூட உண்ணவில்லை. செத்துவிட்டதோ என்று பதறி நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். உயிரோடுதான் இருந்தது. அது தானாகச் சாகக் கூடாது.

கியோத்தோவில் ஓபோன் விடுமுறை. ஆய்வகம் முழுக்கக் காலி. குளிர்பெட்டிகளின் முனகலும், ஜன்னலுக்கு வெளியே மரமெல்லாம் இரையும் சிள்வண்டுகளும், மூக்கை அரிக்கும் ஸ்பிரிட் வாடையும் மட்டும் மிச்சம். பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய உதவியாளர் ஓபாட்டா வாசலில் நின்றார்.

"செத்தவங்க வீட்டுக்கு வர்ற நாளு, டாக்டர். நீங்க இங்க உக்காந்திருந்தா உங்க தங்கச்சி பூட்டின கதவையா தட்டுவாங்க?"

"அவளைக் கொன்னது இங்கதானே இருக்கு."

"அதுவும் அவங்க உடம்புதானே. மூணு வருசமா சோறூட்டி வளக்குறதும் நீங்கதான்."

"வளத்தாத்தானே கொல்ல முடியும்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. லிஃப்ட் கதவு மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

தங்கை மியோவின் கணையத்தில் வளர்ந்த கட்டி அது. உடம்பின் காவல் அணுக்களுக்குப் போட்டிருக்கும் கடிவாளத்தை அவிழ்த்துவிடும் மருந்தை அவளுக்கு ஏற்றினார்கள். எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த மருந்து. ஆனால் இந்தக் கட்டி தன்னைச் சுற்றி நாரால் மதில் எழுப்பியிருந்தது. அவிழ்த்துவிட்ட அணுக்கள் மதிலுக்கு வெளியே கூடி நின்றன. உள்ளே எதிரி இருப்பதே தெரியாமல், களைத்துத் தூங்கிப்போயின. மியோ ஓலமிட்டே செத்தாள்.

இன்று மதில் இருக்காது. ஹிசானோ அதைக் கரைக்கும் திரவத்தைச் சொட்டினாள். தன் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த காவல் அணுக்களை அதே மருந்தோடு சேர்த்து விட்டாள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் அவர்கள். தங்கையின் அணுக்களுக்கும் இவளுடையவற்றுக்கும் வித்தியாசமே கிடையாது.

"தின்னுங்க," என்றாள். "மெதுவா. அவ துடிச்ச மாதிரி துடிக்கணும்."

நார்கள் நெகிழ்ந்தன, பிரிந்தன, மதில் விழுந்தது. அணுக்கள் உள்ளே புகுந்தன. கட்டியைத் தொட்டன. தடவின. நின்றன.

சிள்வண்டுகள் ஓய்ந்தன.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தட்டின் ஓரத்துக்கு நகர்ந்தன. ஒரே ஓரத்துக்கு. அவள் உட்கார்ந்திருந்த பக்கம்.

மேசை சாய்வோ என்று பார்த்தாள். மட்டமாகத்தான் இருந்தது.

தட்டை அரைவட்டம் திருப்பினாள். காத்திருந்தாள். கூட்டம் கலைந்தது. கட்டியைத் தாண்டி, கட்டியைத் தீண்டாமல், ஊர்ந்து வந்தது.

அவள் பக்கம்.

மறுபடி திருப்பினாள். மறுபடி வந்தது. இப்போது வேகமாக.

"நானில்ல," என்றாள். "அங்க. பின்னாடி. அதுதான்."

மதிலில்லாத கட்டி நடுவில் அமைதியாக விரிந்து கிடந்தது.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். வெறும் கண்ணுக்கே தெரிந்தது. விளிம்பில் பாலாடை போல ஒரு வெண்மை. ஏறியது. தாண்டியது. தட்டைப் பிடித்திருந்த, கையுறை போட்ட விரலைத் தொட்டது.

கையை வெடுக்கென்று இழுத்தாள்.

நகக்கண்ணில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தாள். கையுறை எங்கும் கிழியவில்லை. அதன் மெல்லிய ரப்பருக்கு அடியில், வெண்மை விரலேறி, மணிக்கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.