மடிக்காத கடற்பாசி

காலை ஆறு இருபது. தென் கொரியாவின் வாண்டோ தீவில், மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் நான்கு பெரிய தொட்டிகளிலும் தண்ணீர் விளிம்பு தட்டி நின்றது. உள்ளே ஊறிக்கொண்டிருக்க வேண்டிய கடற்பாசியில் ஓர் இழைகூட இல்லை.

துறைமுகக் காவல் சாவடியின் சார்ஜென்ட் கில் ஒக்சுன் பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டாள். கல்லூரி நுழைவுத் தேர்வு நாள் அது. பிள்ளைகள் நெரிசலில் மாட்டக் கூடாதென்று அலுவலகமும் கடையும் பத்து மணிக்குத்தான் திறக்கும். தாமதமாகிவிட்ட பிள்ளைகளைப் போலீஸ் வண்டியே ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் இறக்கும். அந்த வேலைக்குக் கிளம்பியவளைப் பாதி வழியில் மறித்து இழுத்து வந்திருந்தார்கள்.

"படகு இன்ஜின் திருடனையெல்லாம் பிடிச்ச கை இது. கடைசியில பாசித் திருட்டுக்கு வந்து நிக்குது பாரு" என்று சிரித்துக்கொண்டே நுழைந்தவள், மா ஹேரனின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

ஹேரன் அழவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மகன் கிவுன் இருந்திருந்தால் இன்றைக்கு இருபத்திரண்டு வயது. நான்கு வருஷத்துக்கு முன், பள்ளி முடிக்கும் குளிர்காலத்தில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட பிள்ளை. மறு வருஷம் அவன் பிறந்தநாளன்று ஹேரன் இதே சந்தையில் அடுப்பு மூட்டினாள். பிறந்தநாளுக்கு எந்த வீட்டிலும் வைக்கிற கடற்பாசி சூப்பும் சோறும்தான். வந்தவர் எல்லாரும் சாப்பிட்டு, முடிந்ததைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பணத்தில்தான் துறைமுகத்து மாடியில் 'இரவுப் பேச்சு அறை' நடக்கிறது. மனசு உடைந்த பிள்ளைகள் எந்நேரமும் கூப்பிடலாம், நேரிலும் ஏறி வரலாம்; கேட்பதற்குப் பயிற்சி பெற்ற இருவர் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். போன குளிர்காலத்தில் அந்த மாடிப்படி ஏறிய ஒரு பையன் இப்போது படகு கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறான். ஒக்சுன் அவனைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் தன் ஊரை நினைத்து ஒரு அங்குலம் உயர்ந்துதான் நடப்பாள்.

இன்று நடுப்பகலில் சூப் இல்லையென்றால் அடுத்த வருஷம் அந்த அறையில் விளக்கு எரியாது.

"கடைசியா யார் பாத்தது?" என்றாள் ஒக்சுன்.

"நான்தான்க்கா." சிப்பி விற்கும் சோன் மிசுக், ஹேரனின் பக்கத்துக் கடைக்காரி, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள். "அஞ்சு மணிக்கு வந்து நாலு தொட்டியிலயும் ஊறப் போட்டேன். எங்க நாரேக்கு இன்னிக்குப் பரீட்சை இல்லையா, சாப்பாட்டு டப்பா கட்டணும்னு வீட்டுக்கு ஓடிட்டேன். திரும்பி வந்து பாத்தா ஹேரன் நிக்கறா, தொட்டியில ஒண்ணுமில்ல."

"கதவு?"

"பூட்டலக்கா. இந்த ஊர்ல போயி யாரு பாசியத் திருடுவா? கடல் பூரா அதான கெடக்கு."

ஒக்சுன் தரையைப் பார்த்தாள். சிமெண்டுத் தரை காய்ந்து வெளுத்திருந்தது. தொட்டித் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. குனிந்தால் முகம் தெரிந்தது. விரல்களை நனைத்து எடுத்தாள். விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன ரகம் ஹேரன்?"

"பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கற ரகம்க்கா. ஆள் உயரம். அவன் பொறந்தப்ப நான் சாப்பிட்டது அதான். எட்டுக் கட்டு. அதுல ஒரு பிடி போட்டா ஒரு அண்டா நிறையும், நானூறு பேருக்குத் தாராளமா வரும்."

அந்த ரகத்தை வாண்டோவில் யாரும் மடிக்க மாட்டார்கள். மடித்தால் பிரசவம் சிக்கலாகும் என்பார்கள். கடைக்காரனே நீளவாக்கில் வைக்கோல் கயிற்றால் கட்டித்தான் கொடுப்பான். விலையும் பேச மாட்டார்கள்.

எதிர்க்கடை போங் அதற்குள் வந்து சேர்ந்தார். முளைப்பயறு சூப்புக் கடை வைத்திருப்பவர். "பிறந்தநாள் விருந்துன்னு ஊரையே கூட்டி ஓசிச் சோறு போட்டா என் கடையில ஈ ஓட்டணுமா?" என்று போன வாரம்தான் சந்தை நடுவில் நின்று கத்தியிருந்தார். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாதே. இப்போது எல்லாப் பார்வையும் அவர் மேல்.

"போங் அண்ணே, அஞ்சு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"அடுப்படியில. வேற எங்க?"

"எடுத்தீங்களா?"

"தாயே, கத்தினது நெசம். நேத்து மூணு மூட்டை அரிசி கொண்டாந்து இங்க எறக்கினதும் நான்தான். இன்னிக்குச் சோறு வடிக்கப் போறதும் நான்தான். கத்தாம குடுத்தா என் பேரு கெட்டுடும்." அவர் கொட்டகை மூலையில் இருந்த மூட்டைகளைக் காட்டினார். "வீட்டுக்கு வீடு பாசி இருக்கே, வாங்கிப் போடுங்களேன்."

"இன்னிக்கா?" என்றாள் ஹேரன். "கடை தெறக்க மணி பத்தாகும். பரீட்சைப் பிள்ளை இருக்கற வீட்ல இன்னிக்கு அந்தப் பேரையே எடுக்க மாட்டாங்க. வழுக்கறதத் தின்னா பரீட்சையிலயும் வழுக்கிடும்னு பயம். கதவத் தட்டினா விரட்டுவாங்க."

ஆறு ஐம்பது. விசாரிக்க வேண்டிய மூன்றாவது ஆள் பாக்கி இருந்தார். தாக் மான்சுல், ஹேரனின் காலமான கணவருக்கு அண்ணன். பக்கத்து வலைக் கொட்டகையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் நீளமான பரண், அதில் மூங்கில் கழிகள், சுவரோரம் ஏணி. ஒக்சுன் நுழைந்தும் அவர் நிமிரவில்லை.

"விஷயம் தெரியுமா பெரியவரே?"

"தெரியும். நல்லதுக்குன்னு நெனச்சுக்க."

"எது நல்லது?"

"வீட்டுல நடந்தத வீட்டோட வச்சுக்கணும். வருஷா வருஷம் பந்தல் போட்டு, எங்க பையன் இப்படிப் போயிட்டான்னு ஊருக்குச் சொல்றது எனக்குப் பிடிக்கல. இந்த வருஷத்தோட நிறுத்துன்னு அவகிட்டயே சொன்னேன். மறைக்கல."

"அப்ப எடுத்தது நீங்களா?"

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்றவன் நான். அந்தப் புள்ளைய நடக்கப் பழக்கிவிட்டவன். அவன் பிறந்தநாள் பானையில கை வைப்பனா?" ஒக்சுன் அண்ணாந்து பரணை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

ஏழு ஐந்துக்கு எல்லாரையும் தொட்டிக் கொட்டகைக்கு வரச் சொன்னாள். மான்சுலும் வாசலோரம் வந்து நின்றார்.

"ஹேரன், ஒரு பிடிக்கு ஒரு அண்டான்னியே. ஊறும்போது அது எதைக் குடிச்சு அப்படி வீங்குது?"

"தண்ணியத்தான்."

"எட்டுக் கட்டு ஊறினப்புறம் அதை எடுத்துட்டா இந்தத் தொட்டி எப்படி இருக்கணும்?"

ஹேரன் தொட்டியைப் பார்த்தாள். பாசித் தீவில் பிறந்தவள், பதற்றத்தில் கண்ணெதிரே இருந்ததைக் கவனிக்காமல் விட்டிருந்தாள். "பாதிக்குக் கீழ எறங்கியிருக்கணும்" என்றாள் மெதுவாக. "பச்சை பாரிச்சு, கொழகொழன்னு இருக்கணும்."

"விளிம்பு வரைக்கும் நிக்குது. கையில எடுத்தா குடிதண்ணி. சரி, பழசக் கொட்டிட்டுப் புதுசா நெரப்பியிருக்கலாம்னு வச்சுப்போம். நாலு தொட்டியக் கவுத்தா இந்தத் தரை காயறதுக்கு மத்தியானம் ஆகும். தரையில ஈரமே இல்ல. ஊறின பாசிய அள்ளிட்டுப் போயிருந்தாலும் வாசல் வரைக்கும் சொட்டியிருக்கும்." ஒக்சுன் நிறுத்தினாள். "பாசி இந்தத் தண்ணிய இன்னும் தொடவேயில்ல. ஊறப் போட்டேன்னு சொன்னது ஒரே ஒருத்தர்தான்."

எல்லாரும் மிசுக்கைப் பார்த்தார்கள். போங் மட்டும் "நம்ம மிசுக்கா?" என்று முணுமுணுத்தார். மிசுக் திருடனுக்குத் தேள் கொட்டினது போல நின்றாள்.

"எங்க இருக்குன்னும் சொல்லிடறேன்" என்றாள் ஒக்சுன். "வீட்டுக்குக் கொண்டு போயிருக்க மாட்டா. பரீட்சை எழுதற பொண்ணு இருக்கற வீட்டு வாசலை இன்னிக்குப் பாசி தாண்டாது. கடல்ல வீசியிருக்க மாட்டா, பிள்ளை பெத்தவளுக்கு மனசு வராது. வேற களவாணியா இருந்தா நாலா மடிச்சு ஒரு சாக்குல திணிச்சிருப்பான், எந்த மூலையிலயும் ஒளிச்சிருக்கலாம். இவளால மடிக்க முடியாது. அப்ப ஆள் உயரத்துக்குக் கெடையா வைக்கிற மாதிரி, காஞ்ச எடம் வேணும். இந்தச் சந்தையில அப்படி எடம் ஒண்ணுதான். பெரியவரே, உங்க பரண்ல கழிக்குப் பின்னால கொஞ்சம் பாருங்க."

மான்சுல் போனார். ஏணி கிரீச்சிடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முதல் இரண்டு கட்டுகளை இரு கைகளிலும் கிடையாக ஏந்தியிருந்தார், தூங்கும் குழந்தையைத் தூக்கி வருவது போல. "அடியில சுத்தமான துணி விரிச்சு வச்சிருக்கு" என்றார்.

மிசுக் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியவர் வலைக்கு வர்றதுக்கு முன்னால ஏத்தி வச்சேன். திருப்பி வைக்கலாம்னுதான்க்கா இருந்தேன். எட்டரைக்கு அவ பரீட்சை எழுத உக்காந்ததும் ஊறப் போட்டுடலாம், பன்னெண்டுக்குச் சரியா இருக்கும்னு கணக்குப் போட்டேன். ஹேரன் இவ்வளவு வெள்ளன வருவான்னு நெனைக்கல. போலீசுன்னதும் வாய் அடைச்சுப் போச்சு."

"எதுக்கு மிசுக்?" என்று கேட்டாள் ஹேரன்.

"நாரே. உங்க கிவுன்கிட்டதான அவ கணக்குப் படிச்சா. வருஷா வருஷம் அண்ணன் பிறந்தநாள் சூப்ப முதல் ஆளா வந்து குடிக்கறவ. நேத்து சொல்றா, பரீட்சையா இருந்தா என்ன, காலையில கொட்டகைக்குப் போயி ஒரு கிண்ணம் குடிச்சிட்டுத்தான் போவேன்னு. கெஞ்சினேன், திட்டினேன், கேக்கல. பன்னெண்டு வருஷப் படிப்பு. வழுக்கிட்டா என்ன பண்றது? அந்த ஒரு கிண்ணத்தத் தடுக்கத்தான் இத்தனையும்."

ஹேரன் அவளருகே தரையில் உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால் ஒக்சுனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அவனோட கடைசிப் பிறந்தநாளும் பரீட்சை வாரத்துலதான் வந்துச்சு" என்றாள். "நான் சூப் வைக்கல. பிறந்தநாள் வருஷா வருஷம் வரும், பரீட்சை ஒரு தடவதான்னு சொன்னேன். சரிம்மான்னு சிரிச்சான்."

மான்சுல் கையிலிருந்த கட்டுகளைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"வச்சிருந்தா பொழச்சிருப்பான்னு சொல்ல வரல மிசுக். அது ஒரு கிண்ணத்துல முடியற விஷயம் இல்லன்னு இந்த நாலு வருஷத்துல எத்தனையோ பிள்ளைங்க சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆனா உன் பொண்ணு உன்கிட்ட ஒண்ணு கேக்கறா. கேக்கற வரைக்கும் குடு."

ஏழு பதினைந்து. சீருடையோடும் சாப்பாட்டுப் பையோடும் நாரே வாசலில் வந்து நின்றாள். கூட்டத்தையும், அம்மா தரையில் இருப்பதையும், பெரியவர் கையிலிருந்ததையும் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அங்கே யாரும் செய்யவில்லை; அவளுக்கு விளங்கிவிட்டது.

"அம்மா" என்றாள்.

மிசுக் எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள். மான்சுலிடமிருந்து ஒரு கட்டை வாங்கி, நுனியில் இளசாக இருந்த பகுதியை மட்டும் முறித்து வெந்நீரில் போட்டாள். போங் யாரும் கேட்காமலே தன் கடையிலிருந்து மாட்டிறைச்சிக் குழம்புச் சாறு ஒரு கரண்டி கொண்டுவந்தார். "இதுக்கு மட்டும் காசு கிடையாது, பழகிக்காதீங்க" என்றார்.

கிண்ணத்தை மிசுக்கே கொடுத்தாள். நாரே ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"ஏறுங்க ரெண்டு பேரும். எட்டுப் பத்துக்குப் பள்ளிக்கூட கேட்டை மூடிடுவான்" என்றாள் ஒக்சுன். இந்த வழக்கில் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை என்று அவள் ஏற்கெனவே தீர்மானித்திருந்தாள்.

பள்ளி வாசலில் மேளமும் கூச்சலுமாக இருந்தது. கீழ் வகுப்புப் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். தாய்மார்கள், பிள்ளை கல்லூரியில் ஒட்டிக்கொள்ள வேண்டுமென்று, பிசுபிசுப்பான மிட்டாயை வாசல் கம்பியில் ஒட்டிவிட்டுக் கும்பிட்டார்கள். போலீஸ் வண்டியிலிருந்து இறங்கிய நாரேயை வகுப்பாசிரியை பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி இவ்வளவு நேரம்? சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட?"

"கடற்பாசி சூப் டீச்சர்."

பாட்டு நின்றது. ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். "பரீட்சை அன்னிக்கா? எந்தப் பாவி அதக் குடுத்தா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

ஒக்சுன் வண்டிக்குள்ளிருந்தே கவனித்துக்கொண்டிருந்தாள். மிசுக் ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு நாரேயின் தோளில் கை போட்டுக் கூட்டத்தின் நடுவே நிமிர்ந்து நின்றாள்.

"நான்தான் குடுத்தேன், என் கையால. இன்னிக்கு எங்க கிவுனோட பிறந்தநாள். உள்ள எழுதற உங்க பிள்ளைங்க எல்லாருக்காகவும் மாடியில ராத்திரி வெளக்கு எரியுதே, அது அவன் பேர்ல எரியறது. பன்னெண்டு மணிக்குச் சந்தைக்கு வாங்க. உங்களுக்கும் நானே ஊத்தறேன்."