ஒற்றைக் கழல்

மேற்கே மலைகளுக்குப் பின்னால் கதிரவன் இறங்க, கிழக்கே ஆவணி மாதத்து முழுநிலா ஏறிவர, இரண்டு ஒளியும் கலந்து மயங்கிய அந்த அந்திப் பொழுதில், ஈழநாட்டின் மாவலி கங்கை அகன்று, ஆழ்ந்து, அவசரமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கரையெங்கும் மருத மரங்கள் நீரில் கிளை தோய்த்து நின்றன. நாணற் புதர்களில் நீர்க்கோழிகள் அடைந்துகொண்டிருந்தன. ஆகா, எவ்வளவு அழகான இடம் என்று மயங்கிவிடாதீர்கள், வாசகர்களே! அந்த மரங்களுக்கு அடியில் வரிசை வரிசையாக நிற்பவை நடுகற்கள். சோழநாட்டு வீரர்களின் கூடாரங்கள் அங்கே நாற்பதுதான் இருந்தன. நடுகற்களோ ஆற்றின் வளைவைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தன.

அந்தக் கற்களுக்கு நடுவே தளபதி வயிரமேகர் மெல்ல நடந்துகொண்டிருந்தார். அவர் நடையில் இடது காலில் மட்டும் வீரக்கழல் ஒலித்தது. வலது கால் ஓசையின்றி மண்ணில் பதிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த ஒற்றை ஓசையைக் கேட்டே வீரர்கள் தங்கள் தலைவரை இருளிலும் இனம் கண்டுகொண்டார்கள்.

மற்றக் கழல் எங்கே என்கிறீர்களா? அரசருக்காக உயிரையும் கொடுப்பதாக வாள்மீது உறுதி சொன்ன வேளைக்காரப் படையின் வழக்கம் அது. கடல்கடந்து புறப்படும் நாளில் தளபதி தம் வலக்கால் கழலைக் கழற்றி அரசர் கையில் கொடுப்பார். எடுத்த காரியம் முடிந்தாலோ, அரசரே மனமிரங்கிச் சபதத்திலிருந்து விடுவித்தாலோ மட்டுமே அது அவருக்குத் திரும்பக் கிடைக்கும். "தென்கோட்டையில் புலிக்கொடி ஏற்றாமல் காவிரி நீரைத் தொடமாட்டோம்" என்று மூவாயிரம் பேர் முழங்க, வயிரமேகர் மூத்த சக்கரவர்த்தியிடம் கழலைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். மூன்று முறை முற்றுகையிட்டார்கள். மூன்று முறையும் மழையும் காய்ச்சலும் எதிரியின் அம்புகளும் அவர்களைத் திருப்பி விரட்டின. இதற்கிடையில், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, தஞ்சையில் சக்கரவர்த்தி காலமானார். அவரோடு அந்தக் கழலும் சிதையேறிவிட்டதென்று செய்தி வந்தது. இனி யார் வந்து விடுவிப்பது?

எத்தனையோ மன்னர்களைத் திறைகட்ட வைத்த அந்தப் பெரிய சோழப் பேரரசுக்குத் தன் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளத் தெரியவில்லை, பாருங்கள்! புதிய சக்கரவர்த்தி முதலில் போரைத் தொடரச் சொன்னார். பிறகு சலித்துப்போய், "திரும்பி வாருங்கள்" என்று இரண்டு முறை ஓலை அனுப்பினார். "இறந்தவருக்குக் கொடுத்த வாக்கை இருப்பவர் விடுவிக்க முடியாது" என்று வயிரமேகர் இரண்டு ஓலைகளையும் வணங்கித் திருப்பிவிட்டார்.

இப்போது எஞ்சியிருந்தவர்கள் முந்நூறு பேர். விடிந்ததும் கடைசி முறையாகத் தென்கோட்டையைத் தாக்குவதென்று முடிவாகியிருந்தது. அதில் ஒருவரும் மிஞ்சப்போவதில்லை என்பது சமையற்காரன் உட்பட எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நடுகல்லின் முன்னால் வேல்வீரன் பொதுவன் குந்தியிருந்தான். தன் பங்குச் சோற்றில் ஒரு பிடியை எடுத்து அந்தக் கல்லின் அடியில் வைத்தான்.

"தம்பிக்கா?" என்றார் வயிரமேகர்.

"ஆமாங்க தலைவரே. இவனுக்குப் பசி பொறுக்காது. சின்ன வயசிலேயே அடுப்பை விட்டு இறக்கறதுக்குள்ள வந்து நிப்பான்" என்றான் பொதுவன். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "நாளைக்கு இவனுக்குச் சோறு வைக்க ஆள் இருக்காது. அதான் இன்னிக்குக் கொஞ்சம் கூடவே வச்சேன்" என்றான்.

பதில் சொல்ல வாயெடுத்த தளபதி, படகுத் துறையில் எழுந்த காவலர் குரல் கேட்டுத் திரும்பினார்.

தலைப்பாகையை முகம்வரை இழுத்துவிட்டிருந்த மெலிந்த இளைஞன் ஒருவன், கையில் செப்புக் குடத்துடன் படகிலிருந்து இறங்கி நேரே அவரிடம் வந்தான்.

"தஞ்சைத் தூதரா?" என்று வயிரமேகர் கசப்புடன் சிரித்தார். "வீணாக இத்தனை தூரம் வந்திருக்கிறீர்! என் மறுமொழி சக்கரவர்த்திக்குத் தெரியும்."

"நான் சக்கரவர்த்தியின் ஓலை கொண்டுவரவில்லை. அவருக்குத் தெரியாமல் வந்திருக்கிறேன். திருக்கோணமலைத் துறையில் கப்பல்கள் காத்திருக்கின்றன. இன்னும் பத்து நாளில் காற்றுத் திரும்பிவிடும். நீங்கள் புறப்பட வேண்டும், தளபதி."

"சபதம்?"

தூதன் மடியிலிருந்து ஒரு பட்டுத்துணியை எடுத்துப் பிரித்தான். உள்ளேயிருந்து, பரல்கள் குலுங்க, ஒரு வீரக்கழல் நிலவொளியில் மின்னியது. விளிம்பில் பழைய வாள்வெட்டு ஒன்று இருந்தது.

வயிரமேகர் அதைக் கையில் வாங்கி அந்த வெட்டைத் தடவிப் பார்த்தார். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கனவில் மட்டும் கண்ட கழல்! "இது... இது சிதையில் அல்லவா எரிந்தது?"

"எரியவில்லை. மூத்த சக்கரவர்த்தி கண்மூடும் முன், 'என் பிள்ளைகளைக் கூப்பிடு, போதும்' என்று சொல்லி இதைத் தம் மகளின் கையில் கொடுத்தார். அருகில் அவருடைய மகனும் இருந்தார்."

அந்தக் குரலை எங்கே கேட்டோம்? காவிரிப் படித்துறையில், "போகாதீர்கள்" என்று ஒருநாள் மாலை கெஞ்சிய குரல் அல்லவா? தளபதி கைநீட்டித் தலைப்பாகையை விலக்கினார். அவிழ்ந்து விழுந்த கூந்தலில் பாதி நரைத்திருந்தது. அவர் நினைவில் இன்றும் பதினெட்டு வயதிலேயே நின்றிருந்த இளவரசி வெண்காட்டுநங்கை அவர்முன் தலைகுனிந்து நின்றாள்.

"தேவி! தாங்களா? ஆறு ஆண்டுகளாக இது தங்களிடமா இருந்தது?"

"ஆம்" என்றாள் நங்கை. "அண்ணா அப்போதுதான் பட்டமேறினார். 'ஆட்சிக்கு வந்ததும் தோற்றுப் படையைத் திருப்பி அழைத்தான் என்று உலகம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஓராண்டு பொறு, வெற்றியோடு அழைத்துக்கொள்ளலாம்' என்று என் வாயைக் கட்டினார். ஓராண்டு இரண்டாயிற்று, இரண்டு ஆறாயிற்று. பிறகு அவரே சலித்தார். ஆனால் கழலைக் கொடுத்தனுப்பினால் மறைத்தது வெளியாகுமே! அதனால் வெறும் ஓலையை அனுப்பினார். நானும் பேசாமலிருந்தேன், வயிரமேகரே. ஒவ்வொரு கப்பலிலும் உங்கள் மரணச் செய்தி வருமோ என்று துடித்துக்கொண்டே பேசாமலிருந்தேன். இந்தப் பாவத்தை என் வாயால் சொல்லத்தான் வந்தேன்."

தளபதியின் கண்கள் சிவந்தன. கோபம்தான், ஆனால் கோபத்தைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று நெஞ்சைப் பிசைந்தது. "சக்கரவர்த்தி மறைந்த அன்று நாங்கள் இரண்டாயிரத்து நூறு பேர் இருந்தோம், தேவி" என்று மட்டும் சொன்னார்.

பின்னாலிருந்து பொதுவனின் குரல் வந்தது. சண்டைபோடும் குரல் அல்ல. கணக்குப் புரியாதவன் கேட்கும் குரல்.

"என் தம்பி போன மாசியிலதானுங்களே தாயே செத்தான்?"

நங்கை வாய்விட்டு அழுதாள்.

வயிரமேகர் அமர்ந்து கழலை வலக்காலில் பூட்டினார். எழுந்து நடந்தார். இரண்டு கழல்களும் சேர்ந்து ஒலித்த அந்த ஓசை கூடாரங்களை எட்டியதும், ஒவ்வொருவராக வெளியே ஓடிவந்தார்கள். யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஒருவன் வேலைக் கீழே போட்டான். இன்னொருவன் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"படகுகளை அவிழுங்கள். நாம் வீட்டுக்குப் போகிறோம்" என்றார் தளபதி.

"என்னை என்றாவது மன்னிப்பதாக ஒரு சத்தியம் செய்து தாருங்கள். அதைக் கொண்டு நான் காத்திருப்பேன்" என்றாள் நங்கை.

"சத்தியமா? இத்தனை கல் நட்ட பிறகுமா, தேவி? இனி என் வாயிலிருந்து ஒருவருக்கும் அது கிடைக்காது. கூடவே வருகிறேன், இப்போதைக்கு அவ்வளவுதான்."

அவள் செப்புக் குடத்தை நீட்டினாள். காவிரி நீர். முந்நூறு பேரும் ஆளுக்கொரு துளி நாவில் வைத்துச் சபதம் நீங்கட்டும் என்று திருவையாற்றுப் படித்துறையில் முகந்து வந்தது.

தளபதி வாங்குவதற்குள் பொதுவன் எழுந்துவந்து குடத்தைப் பற்றினான். தம்பியின் கல்லின்மேல் ஊற்றினான். அடுத்த கல்லுக்கு நகர்ந்தான், அதற்கடுத்த கல்லுக்கும். நீர் மெலிந்து, சொட்டாகி, நின்றுபோயிற்று. குடத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு அவன் திகைத்து விழித்தான்.

"தலைவரே, தப்புப் பண்ணிட்டேன். உங்களுக்கெல்லாம் ஒரு சொட்டுக்கூட வைக்கலையே!"

வயிரமேகர் அவன் தோளில் கைவைத்தார்.

"இருக்கட்டும் பொதுவா. இவர்களுக்கு அந்தக் குடம்தான். நமக்குக் காவிரி ஆறே இருக்கிறது, போய்க் குடித்துக்கொள்வோம்."