பசை காயாத லேபிள்கள்

மார்ச் முதல் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. நெடுஞ்சாலையை ஒட்டிய சாயப் பட்டறையின் ரசாயனக் கிடங்கைப் பார்வையிடத் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். கலவை போடும் தொழிலாளி ஒருவர் அதற்குள் இறந்ததிலிருந்து அது பூட்டிக் கிடந்தது.

ஒவ்வொரு டிரம்மிலும் உள்ளே இருப்பதன் பெயரும் ஆபத்தும் எழுதிய லேபிள் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆய்வாளர் அம்மாள் கையெழுத்துப் போட்டால் மதியமே வேலை தொடங்கிவிடும். இறந்தவரின் மைத்துனர்தான் புதிய கலவைக்காரர்.

"எல்லாம் பக்காவா இருக்கு மேடம். கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடலாம்" என்றார் மேலாளர்.

"திறந்துகிட்டே போடறேன்."

உள்ளே பகலிலும் இருட்டு. லேபிள்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. ஒன்றைத் தொட்டார். பசை விரலில் ஒட்டியது. எல்லாமே சாதுவான சரக்கு: சோப்புக் கரைசல், தண்ணீர், மறுபடியும் சோப்புக் கரைசல்.

மேலாளருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே நழுவினார்.

மைத்துனர் குரலைத் தாழ்த்தினார். "நாங்க லேபிளை நம்பறதே இல்லை மேடம். மூடியைத் தளர்த்தி மோந்து பார்ப்போம். எங்க அக்கா வீட்டுக்காரர் அதுல கில்லாடி. மூக்கண்ணன்னுதான் கூப்பிடுவாங்க."

"அப்புறம் எப்படி இறந்தார்?"

"ஒரு சரக்கு இருக்கு. முதல் இழுப்புல நாறும். அடுத்த இழுப்புல மூக்கே மரத்துடும். நாத்தம் போயிடுச்சேன்னு மாமா டிரம்முக்குள்ள குனிஞ்சுட்டார்."

"எந்த டிரம்?"

"அதான் எல்லாத்தையும் இடம் மாத்திட்டாங்களே."

அப்போது கேட்டது.

யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்.

இவன் வேலையா? ஆய்வாளர் சட்டென்று திரும்பினார். மைத்துனர் இரண்டு கைகளாலும் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டிருந்தார்.

முதல் டிரம். ஓர் இழுப்பு. அடுத்த டிரம். ஓர் இழுப்பு. தொழில் தெரிந்தவரின் நிதானம்.

மூலை டிரம்மில் சத்தம் நின்றது.

அழுகிய முட்டை நாற்றம் மெல்லப் பரவியது.

பிறகு, நாற்றமே இல்லை.

"ஓடுங்க!" மைத்துனரின் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார் ஆய்வாளர்.

முகக்கவசம் அணிந்தவர்கள் வந்து மாதிரி எடுத்தார்கள். மூலை டிரம்மில் சோப்புக் கரைசல் இல்லை, நச்சு வாயு கக்கும் சல்பைடு. கிடங்குக்கு சீல் வைக்கப்பட்டது. மேலாளர் மீது வழக்குப் பதிவானது.

விசாரணைக்காகத் திறந்தபோது சீல் உடையாமல் இருந்தது. உள்ளே எல்லா லேபிள்களும் உரிக்கப்பட்டுத் தரையில் கிடந்தன. ஒன்று மட்டும் ஒட்டியபடி இருந்தது. 'தண்ணீர்' என்றது அது.

சோதித்தார்கள். தண்ணீர்தான்.