மரப்பாச்சிக்குப் பட்டு ரவிக்கை

அளந்து வெட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ரவிக்கைத் துணி மரப்பாச்சிக்குப் பத்தவில்லை.

மார்புச் சுற்றில் ஒரு விரல் குறைந்தது. புனே மழையில் மரம் ஊதியிருக்கும் என்று ஸ்ரீலக்ஷ்மி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஜூனா பஜாரின் பழந்துணிக் குவியலில் கிடைத்த பைத்தானிப் பட்டு அது. யார் கல்யாணத்துக்கு நெய்ததோ, மாம்பழ மஞ்சளில் ஒரு மயில் பாதி அழிந்து நின்றது. முகர்ந்தால் ரசகற்பூரமும் பழைய வியர்வையும் கலந்த வாசனை. மூச்சுப் பட்டாலே இழை பிரியும் அந்தத் துணிக்கு அடியில் மெல்லிய மல் துணியைக் கொடுத்து, முடி கனத்து ஊசியை ஓட்டும்போது அவளுக்கு உலகமே மறந்து போகும். இன்று மறக்கவில்லை. உள்ளறையில் ஆறு வயது வைஷு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். குழந்தையின் இழுப்பு தீர்ந்தால் கொலுவில் மரப்பாச்சிக்குப் பட்டு உடுத்துவதாக வேண்டுதல். நேற்றைக்கு இன்று மோசம் என்றதும், முன்கூட்டியே உடுத்திவிட உட்கார்ந்துவிட்டாள்.

ஹிஞ்சேவாடி டிராஃபிக்கிலிருந்து கணவன் பத்ரி போன் செய்தான்.

"வைஷு எப்படிடி இருக்கா?"

"மருந்து குடுத்திருக்கேன். டாக்டர்ட்ட ஆறு மணிக்குப் போகணும், சீக்கிரம் வாங்கோ. இந்தப் பட்டு வேற, இழுத்தா கிழியறது. பொம்மை மேலேயே வெச்சுத் தைக்கப் போறேன்."

"உடம்புல இருக்கற துணியைத் தைக்கப்படாதும்பா எங்காத்துல. வாயில ஒரு நூலையாவது கடிச்சுக்கோ."

"மரத்துக்குமா?"

"கடிச்சுண்டா நீ பேச மாட்டே. எனக்கும் கொஞ்சம் நிம்மதி."

சிரித்துவிட்டு வைத்தாள். நூலைக் கடிக்கவில்லை.

முதுகுப்புறம் இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்துத் தைத்தாள். ஒவ்வொரு தையலுக்கும் உள்ளறையின் விசில் மூச்சு இன்னும் மெலிந்தது. ஒருமுறை ஊசி துணியைத் தாண்டிப் பொம்மைக்குள் இறங்கிவிட்டது. மரம் தடுக்கவில்லை. வழவழவென்று இறங்கியது.

"வைஷு?"

பதில் இல்லை. இழுப்பும் இல்லை.

அப்பாடா, தூங்கிவிட்டாள். கடைசி முடிச்சைப் போட்டு நூலை அறுத்தாள்.

ஈ... ஈ...

அந்த விசில். உள்ளறையிலிருந்து இல்லை. மடியிலிருந்து.

பட்டு மயில் மெல்ல எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.

பொம்மையைச் சோபாவில் போட்டுவிட்டு ஓடினாள். வைஷு மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. நெஞ்சில் கை வைத்தாள். அசைவில்லை. சூடில்லை. உலுக்கியதும் கட்டிலின் விளிம்பில் குழந்தையின் கை மோதியது. டக். கட்டை விழுந்த சத்தம்.

"அம்மா..." ஹாலிலிருந்து குரல் வந்தது. "டைட்டா இருக்கும்மா."

கத்தரிக்கோலோடு பாய்ந்தாள். மரப்பாச்சியின் முகம் நீலம் பாரித்திருந்தது. மூச்சுப் பட்டாலே பிரியும் பட்டு, இப்போது தோலாக இறுகியிருந்தது. கழுத்தில் தேடினாள். கையடியில் தேடினாள்.

கத்தரியின் நுனி நுழைய எங்குமே இடமில்லை.