கம்பளத்தில் நான்கு குழிகள்

ஆலோசகரின் நாற்காலி ஒரு சாண் முன்னால் வந்திருந்தது.

போன வாரம் அது இருந்த இடத்தில், கம்பளத்தில் நான்கு குழிகள் மட்டும் தெரிந்தன. பெருக்குகிறவர்கள் நகர்த்தியிருப்பார்கள் என்று டீச்சர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அம்மா போனபின் தூக்கம் தொலைந்து, ஒரு நாள் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடி விக்கி விக்கி அழுதவள் அவள். மனநல ஆலோசகர் சான்றிதழ் கொடுத்தால்தான் மறுபடி வேலைக்கு வரலாம் என்று பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்த ஆலோசகரை விசாரித்துக் கண்டுபிடித்தது அக்காதான். ஒரு ஜோடி செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள் அக்கா.

அடுத்த வாரம் இன்னொரு சாண். அதற்கடுத்த வாரம் அவளுடைய நேரத்தை ஐந்தரைக்கு மாற்றினார்கள். வரவேற்பில் இருக்கும் பெண் ஐந்து மணிக்கே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஏசியின் உறுமல், அவர் எப்போதும் மெல்லும் கிராம்பின் வாசனை, திரைச்சீலை ஓரத்தில் தேய்ந்துகொண்டே போகும் வெயில், பேனா தாளில் கீறும் சத்தம், அந்தச் சத்தம் சட்டென்று நின்று, அவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நிமிராமலே தெரிந்துவிடும் அந்த ஒரு கணம், அந்த ஒரு மணி நேரம் முழுக்க இவைதான். கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை வரிசையாகக் குழிகள். எல்லாம் அவளை நோக்கி.

ஏழாவது வாரம் அவர் முழங்கால் அவள் முழங்காலில் பட்டது. பிறகு கை. அது தொடையில் ஏறியது.

“பயப்படாதீங்க. இதுவும் சிகிச்சைதான்,” என்றார், எப்போதும் பேசும் அதே இதமான குரலில்.

கத்த நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆறரை ஆனதும் அவரே எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். திக்கித் திணறி, ஒன்று விடாமல். அக்கா அதிரவே இல்லை. அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

“அவரு சொன்னாருடி.”

“என்ன சொன்னாரு?”

“மொத நாளே போன் பண்ணிச் சொல்லிட்டாரு. துக்கம் முத்தினா உங்க தங்கச்சி என்னைப் பத்தியே தப்பாச் சொல்லுவாங்க, அப்ப பாதியில நிறுத்திடாதீங்கன்னு.”

முதல் நாளே. அன்று அவருடைய நாற்காலி எதிர்ச் சுவரோரம் கிடந்தது. அவள் முகத்தைக்கூட அவர் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

“அக்கா, சத்தியமா...”

“நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லலையேடி. சீக்கு அப்படிப் பேச வைக்குது. இன்னும் மூணே வாரம், சர்டிபிகேட் கைக்கு வந்துடும். அடுத்த தடவை நானே கூட வரேன், போதுமா?”

வந்தாள். சின்னப் பிள்ளையைக் கூட்டிவருவது போலக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். ஆலோசகர் வாசலுக்கே வந்து அக்காவை வரவேற்பறையில் உட்காரவைத்தார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், டிவியைப் போட்டு ரிமோட்டைக் கையில் கொடுத்தார். கதவு சாத்திக்கொண்டது.

இன்று நாற்காலியை அவர் எதிரில் போடவில்லை. இழுத்து வந்து அவள் பக்கத்தில், ஒட்டிப் போட்டார். அதன் கால்கள் இறங்குவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். அங்கே ஏற்கெனவே நான்கு குழிகள். ஆழமாக. இழை தேய்ந்து. கால்கள் அவற்றில் கச்சிதமாக உட்கார்ந்தன.

அவளுக்கு முன்னால் எத்தனை பேர்?

கிராம்பு வாசனை. கை.

“அக்கா!”

இந்த முறை குரல் வந்தது. தொண்டை கிழியக் கத்தினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா எழுந்தாள். செருப்புச் சத்தம். இரண்டு எட்டு. நின்றது.

“அழுற சத்தம் கேட்டா உள்ள வந்துடாதீங்கன்னு உங்க அக்காகிட்ட சொல்லியிருக்கேன்,” என்றார் அவர்.

வெளியே டிவியின் சத்தம் கூடியது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.