அறுத்தெடுத்த பக்கம்

பின்னேரக் கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தபோது, பிரேமிளா தோட்டவெளிக் கிராமத்திலிருந்த அந்தப் பழைய கல்வீட்டுக்குள் நுழைந்தாள். வீட்டுக்காரர் சிவராசா அதை விருந்தினர் விடுதியாக்கியிருந்தார். தான் வரைந்து கொடுத்த ஓவியத்தை எங்கே மாட்டியிருக்கிறார் என்று பார்க்கத்தான் பள்ளிமுனையிலிருந்து வந்திருந்தாள்.

அது நாற்சதுர ஓவியமல்ல. கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பி ரொபின்சனின் வள்ளம் உடைந்த பலகைகளாகத்தான் கரையொதுங்கியது. அவற்றை உடைந்தபடியே பொருத்தி, மேலே கன்வஸ் இழுத்தடித்து, அவனை வரைந்திருந்தாள். வலப்பக்கம் ஒரு பலகை மட்டும் தனியே நீண்டிருந்தது. அதில் அவனுடைய நீட்டிய கை.

இப்போது ஓவியம் கண்ணாடி போட்ட பளபளப்பான சட்டத்துக்குள், நேரான நான்கு மூலைகளோடு தொங்கியது.

தம்பியின் கை தோளோடு நின்றிருந்தது.

"ஆர் இதை அறுத்தது?"

"கோணல்மாணலா இருந்தால் வாற ஆக்களுக்கு வடிவாயிராது, தங்கச்சி." சிவராசா சிரித்தார். "தச்சனைக் கூப்பிட்டு நேராக்கினனான்."

"அறுத்த துண்டு எங்க?"

"அடுப்புக்குப் போட்டாச்சு."

அவள் அவரை நோக்கித் திரும்பினாள்.

"அவன்ர உடம்பும் எங்களுக்குக் கிடைக்கேல்ல. அந்தக் கையையும் எரிச்சுப்போட்டு நிண்டு சிரிக்கிறியோ?"

மூத்தவர் ஒருவரை அவள் ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை.

சிவராசா வாயெடுக்குமுன் காற்று நின்றது. ஈரமரம் எரியும் புகை கூடத்துக்குள் பரவியது. அதோடு சேறு கலந்த உப்புவாடை.

சுவருக்குள் வாள் அறுக்கும் சத்தம்.

மெதுவாக. மிக மெதுவாக.

கண்ணாடி உட்புறமாக வியர்த்தது. யாரோ உள்ளிருந்து தோளால் முட்டினார்கள். மறுபடியும் முட்டினார்கள். வலப்பக்கச் சட்டம் பிளந்தது. வெடிப்பிலிருந்து கடல்நீர் சுவரில் வழிந்தது.

"தங்கச்சி," சிவராசா கிசுகிசுத்தார், "இதைக் கொண்டு போங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

பிரேமிளாவுக்கும் பயந்தான். ஆனால் ஆத்திரம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"அந்தக் கையைத் தா, கொண்டுபோறன். இல்லாட்டி அவன் உன்னோடயே கிடக்கட்டும்."

திரும்பிப் பாராமல் நடந்தாள்.

மறுநாள் காலை சிவராசா தொலைபேசியில் அழுதார். அவள் போனதுமே வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறிவிட்டாராம். விடிந்ததும் திறந்து பார்த்தால் சட்டம் வெறுமையாம்.

"களவு போயிருக்கும்."

"இல்லைப் பிள்ளை. வாசலிலதான் நிக்கிறன். உள்ளுக்க ஒருத்தன் ஒவ்வொரு அறையாத் தேடித் தேடிக் கத்துறான்."

"என்னெண்டு?"

சிவராசாவின் மூச்சுக்குப் பின்னால், கோபத்தில் உடைந்த அந்தக் குரலை அவளே கேட்டாள்.

"அக்கா! என்னை ஏன் இஞ்ச விட்டிட்டுப் போனனீ?"