உள்ளே மட்டும் செல்லும் காசு

"ஒரு குவார்ட்டர் காசை எடுத்து முடிஞ்சிருக்கலாம், போயும் போயும் என் பழைய காசு கலெக்‌ஷன்ல கை வெச்சு—"

"அதுலதான் முருகனோட அறுகோணம் போட்டிருந்தது. குழந்தைக்கு நூத்தி நாலு ஜுரம், நான் என்ன பாடு பட்டேன்னு—"

"அது முருகனோடது இல்லை, ஸ்வர்ணா."

அனந்தராமன் குரலை இறக்கிவிட்டான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் போலந்தில் ஜெர்மன்காரர்கள் யூதர்களைத் தெருத்தெருவாக வேலி போட்டு அடைத்தார்கள், கையிலிருந்த நிஜப் பணத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டு இந்த அலுமினியக் காசைக் கொடுத்தார்கள், அந்த ஆறுமுனை நட்சத்திரம் யூதர்களுடையது என்றான். ஒருத்தரும் வெளியே தப்பிப் போய்ப் பிழைத்துவிடக் கூடாதென்று அடித்த காசு.

"வேலிக்கு உள்ள மட்டும்தான் செல்லும். பேரைக் கூப்பிட்டு வெளில கொண்டுபோனவா ஒருத்தரும் திரும்பி வரலை."

ஸ்வர்ணா பூஜை அலமாரியைப் பார்த்தாள். குழந்தை பிழைத்தால் பழனி உண்டியலில் சேர்க்கிறேன் என்று மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது செவ்வாய்க்கிழமை. கொஞ்ச நேரத்திலேயே நாலு வயசு மாளவிகாவுக்கு வியர்த்து ஜுரம் விட்டது. பிரார்த்தனையை யாரோ ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அன்றிலிருந்து குழந்தையை வாசற்படி தாண்டித் தூக்கினால் உடம்பு நெருப்பாகிறது, கண் செருகுகிறது. உள்ளே கொண்டுவந்தால் அடங்கிவிடுகிறது. நாளெல்லாம் ஏசி ஓடுகிற அமெரிக்காவின் அந்த சுகர் லேண்ட் ஊர் வீட்டில், எத்தனை தரம் ஸிங்கைத் தேய்த்தாலும் அழுகின உருளைக்கிழங்குத் தோலும் ஈரக் கம்பளியும் கரிப்புகையுமாக ஒரு வாடை. சுவருக்குள்ளே மரச்செருப்புகள் வரிசையில் மெல்ல மெல்ல நகர்கிற மாதிரி ஒரு சத்தம், நடுநடுவே அடக்கி அடக்கி ஓர் இருமல்.

அவிழ்த்துவிடச் சொன்னான் அனந்தராமன்.

அவிழ்த்தாள். துணியில் காசு இல்லை. வட்டமாக ஒரு சாம்பல் தடம்.

அவன் கார் சாவியை எடுத்தான், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டான், ஜுரம் வந்தாலும் வரட்டும், எமர்ஜென்சிக்கே போய்விடலாம் என்று வாசல் கதவைத் திறந்தான்.

நல்ல மத்தியானம். வெயில் இல்லை. டிரைவ்வே இல்லை. எதிர்வீடு இல்லை.

பலகை வேலி. பலகைக்கு மேல் முள்கம்பி. அதற்கு மேல் புகை.

கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போட்டான்.

சுவருக்குள் நகர்ந்த சத்தம் நின்றது. இருமலும் நின்றது. எல்லோருமாக எதையோ காது கொடுத்துக் கேட்பது போல.

மாளவிகா அப்பாவின் தோளிலிருந்து வழுக்கி இறங்கினாள். கதவில் காதை வைத்தாள்.

"அம்மா, வெளில நம்ம பேரைக் கூப்பிடறா. ஷூஸ் போட்டுக்கட்டுமா?"